இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பமிட முன்: கொழும்புத் தனியார் துறை ஊழியருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில் பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஒரு தனியார் நிறுவனம், வியாபாரம் குறைந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி ஓர் ஊழியரைத் தன் விருப்பப்படி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. வேலையாளரின் தொழிலை முடிவுறுத்துவது தொடர்பான விசேட ஏற்பாடுகளைக் கொண்ட 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணத்தினாலன்றி வேறு காரணத்தினால் ஒருவரை நிறுத்துவதற்கு ஒன்றில் அவருடைய எழுத்துமூலமான முன்சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூலமான முன் அனுமதி வேண்டும். இரண்டாவதைப் பெறுவதற்கு விண்ணப்பம், விசாரணை, கணக்கறிக்கைகள், இழப்பீடு என்று நீண்ட வழி நடக்கவேண்டும். முதலாவதைப் பெறுவதற்கு ஒரு சிறிய அறையும் தட்டச்சிட்ட ஒரு தாளும் பேனாவும் போதும். பொருளாதாரம் சரியும்போது எத்தனையோ பேர் திடீரென்று "சொந்தக் காரணங்களுக்காக" விலகிப் போவதற்கு விளக்கம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

நெருக்கடிக் காலத்தில் வேலையைக் காப்பாற்றிக்கொள்வது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே கைத்தொலைபேசியில் கூட்டங்களில் கலந்துகொண்டவர்கள் திறமையற்றவர்களோ சோம்பேறிகளோ அல்லர். அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது; செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைத்தவர்களின் சம்பளத்தில் 6 முதல் 36 வீதம் வரையான வருமான வரி விழுந்தது. சம்பளப் பெறுமதி பாதியாகிப்போன அதே காலத்தில்தான், டிசெம்பர் விருந்துகளில் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று பேசிய முகாமையாளர்களும் ஆட்குறைப்புப் பட்டியல்களைத் தயாரித்தார்கள். அவர்களைத் திட்டுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையில் இருப்பது ஓர் ஒப்பந்தம்; ஒப்பந்தம் தாளில் இருக்கிறது; ஆகவே தாளிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

கடதாசிகளைச் சேர்த்தல்

வேலை போன பிறகு அலுவலக மின்னஞ்சலுக்குள் நுழைய முடியாது. பல இடங்களில் அந்த அறையில் பேச்சு முடிவதற்குள்ளேயே கடவுச்சொல் மாற்றப்பட்டுவிடும். எனவே, எந்த அறிகுறியும் தெரியாத சாதாரண காலத்திலேயே உங்களுக்குச் சொந்தமான ஆவணங்களின் பிரதிகளை வீட்டில் வைத்திருங்கள்: நியமனக் கடிதம், நிரந்தரமாக்கல் கடிதம், சம்பள உயர்வு மற்றும் பதவி உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சிட்டைகள், வருடாந்த மதிப்பீட்டுப் படிவங்கள், எடுக்காத விடுமுறையின் கணக்கு. வாடிக்கையாளர் விபரங்களையோ நிறுவனத்தின் உள்ளகக் கோப்புகளையோ மென்பொருள் நிரல்களையோ அவற்றுடன் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். ஆட்குறைப்பு என்று தொடங்கிய விடயத்தை ஒழுக்காற்று விடயமாக மாற்றுவதற்கு நிறுவனத்துக்கு நீங்களே கொடுக்கும் ஆயுதமாக அது போய்விடும்.

சம்பளச் சிட்டையை வெறுமனே சேர்த்து வைப்பதோடு நில்லாமல் வாசிக்கவும் வேண்டும். ஈ.பி.எப். என்று எல்லோரும் சொல்லும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மட்டும் 3 வீதம் செலுத்தவேண்டும். ஒரு மாதத்துக்குரிய சேமலாப நிதிப் பணம் அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். சிட்டையில் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் நிறுவனம், கையில் காசில்லாத நிறுவனம். பங்குச் சந்தைச் செய்திகளைவிடவும் நிர்வாகத்தின் பேச்சைவிடவும் நம்பகமான எச்சரிக்கை அதுதான். தேநீர் நிறுத்தப்படுவது, பயணக் கொடுப்பனவு தாமதமாவது, விலகியவரின் இடம் நிரப்பப்படாமலிருப்பது போன்றவையும் அறிகுறிகள்தாம் என்றாலும், அவை கஞ்சத்தனத்தின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். செலுத்தப்படாத சேமலாப நிதிக்கு அப்படி வேறு விளக்கம் கிடையாது.

அந்த அறைக்குள்

எச்சலன் சதுக்கத்தின் கோபுரங்களில் என்றாலும், தெமட்டகொடையின் தகவல் தொழில்நுட்ப வளாகத்தில் என்றாலும், கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டை மாற்றியமைத்த சிறு அலுவலகத்தில் என்றாலும், அந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் நடக்கும். முன்னறிவிப்பில்லாமல் பின்னேரம் அழைப்பார்கள். நிலைமை சரியில்லை, மேலிடத்துத் தீர்மானம், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்பார்கள். பிறகு, அக்கறையோடு சொல்வதுபோல, "வேலையால் நிற்பாட்டினது என்று பைலில் விழுந்தால் அடுத்த இடத்தில் விசாரிப்பார்கள், தம்பி. நீங்களாகவே விலகினமாதிரி ஒரு கடிதம் தந்தால் உங்களுக்குத்தான் நல்லது" என்று ஒரு தாளைத் தள்ளுவார்கள். அன்றே கையொப்பமிட்டால் மட்டுமே சலுகை உண்டு என்று ஒரு கெடுவும் வரும்.

அந்தக் கடிதம்தான் சட்டம் கேட்கும் எழுத்துமூலச் சம்மதம். அதில் கையொப்பமிட்ட மறுகணமே நீங்கள் நீக்கப்பட்டவர் அல்லர், விலகியவர். ஆகவே அந்த அறையில் நீங்கள் செய்யவேண்டியது, கையொப்பமிடாமல் வெளியே வருவது மட்டுமே. வாதாடத் தேவையில்லை, சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லி மிரட்டவும் தேவையில்லை. "இதை வாசித்து, வீட்டில் பேசி, எழுத்தில் பதில் தருகிறேன்" என்ற ஒரு வசனம் போதும். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். தாளின் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால், வெளியே வந்தவுடன், இன்ன நேரத்தில் இன்னார் என்னை அழைத்து இராஜினாமாக் கடிதம் கேட்டார், இன்ன தொகை தருவதாகச் சொன்னார், நான் சிந்திக்க அவகாசம் கேட்டிருக்கிறேன் என்று, உணர்ச்சியில்லாத நாலு வரி மின்னஞ்சலை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பி, அதன் பிரதியை உங்கள் சொந்த முகவரிக்கும் போட்டுவையுங்கள்.

"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் இன்னொரு பொறி இருக்கிறது. நீங்கள் மனமுடைந்து வீட்டில் இருந்துவிட்டால், சில நாட்களின் பின் "அறிவிக்காமல் வேலைக்கு வராததால் சேவையைக் கைவிட்டதாகக் கருதுகிறோம்" என்று ஒரு கடிதம் பதிவுத்தபாலில் வரக்கூடும். அதைத் தடுக்க, மறுநாள் வழமையான நேரத்துக்கு அலுவலகம் செல்லுங்கள். வாசலில் காவலாளி தடுத்தால், வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன் என்று அந்த இடத்திலிருந்தே மின்னஞ்சல் எழுதுங்கள். வேலை கொடுக்காமல் இருத்திவைப்பதையும் இந்தச் சட்டம் வேலை முடிவுறுத்தலாகவே கொள்கிறது. தற்காலிகம் என்று சொன்னாலும் அப்படித்தான்.

இராஜினாமாச் செய்யாவிட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்போம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்துவதாக இருந்தால், நிறுத்திய நாளிலிருந்து இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது; அந்தக் காரணம் உண்மையா என்று பின்னர் தொழில் தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை பார்க்கும். கடந்த மாதம் வரை நல்ல மதிப்பீடு பெற்ற ஒருவர் திடீரென்று திறமையற்றவராகிப்போனார் என்று நிரூபிப்பது அவ்வளவு எளிதல்ல. சேர்த்து வைத்த மதிப்பீட்டுப் படிவங்கள் பயன்படுவது அங்கேதான்.

இனி, தருவதாகச் சொல்லும் தொகையைக் கணக்குப் பார்ப்போம். மாதம் 120,000 ரூபா சம்பளத்தில் ஏழு ஆண்டுகள் வேலை செய்த ஒருவரிடம், "ஆறரை மாதச் சம்பளம் தருகிறோம்" என்று நிறுவனம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்த எவருக்கும், அவர் தானாக விலகினாலும் விலக்கப்பட்டாலும், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கொடுத்தேயாகவேண்டும். அதாவது அந்த ஆறரையில் மூன்றரை மாதம், 420,000 ரூபா, ஏற்கெனவே உங்களுடையது. நிறுவனம் உண்மையில் தருவது மூன்று மாதம், 360,000 ரூபா மட்டுமே. அதே நபரை ஆணையாளரின் அனுமதியோடு நிறுத்தினால், வர்த்தமானியில் வெளியிடப்பட்ட இழப்பீட்டுச் சூத்திரத்தின்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதமும், ஆறாம் ஆண்டிலிருந்து பதினான்காம் ஆண்டுவரை ஆண்டொன்றுக்கு இரண்டு மாதமும் வரும். ஏழு ஆண்டுக்கு பதினாறரை மாதம்: 1,980,000 ரூபா, பணிக்கொடை வேறாக. பேச்சுவார்த்தை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் காட்டும்.

எல்லாருக்கும் இந்தத் தூரம் ஒரேயளவு அல்ல. சூத்திரத்தின் உச்ச வரம்பு 2021இலிருந்து 25 இலட்சம் ரூபா. மாதம் நான்கு இலட்சம் வாங்கும் ஒரு சிரேஷ்ட முகாமையாளருக்கு அது ஆறேகால் மாதச் சம்பளத்திலேயே முட்டிவிடும். அவருக்கு நிறுவனம் பத்து மாதம் தருவதாகச் சொன்னால், மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்வதுதான் புத்தி. நிறுவனம் உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்: வெறுமையான வங்கிக் கணக்கின் மேல் கிடைக்கும் நல்ல இழப்பீட்டுக் கட்டளையைவிட, இன்றைக்குக் கையில் வரும் பாதித் தொகை பெறுமதியானது. சுயவிருப்ப ஓய்வுத் திட்டம் என்றாலே ஏமாற்று என்று நினைக்கத் தேவையில்லை. கணக்குப் போடாமல் ஏற்றுக்கொள்வதுதான் பிழை. ஏற்பதாக இருந்தால், தொகை, திகதி, பணிக்கொடை வேறாகத் தரப்படும் என்ற உறுதி, சேவைச் சான்றிதழின் வாசகம் ஆகிய நான்கும் எழுத்தில் வந்த பிறகே கையொப்பமிடுங்கள்.

முறைப்பாடு செய்வதானால், வேலை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்யவேண்டும். தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு எழுதுவதற்கும் தொழில் நியாய சபைக்குப் போவதற்கும் அதே ஆறு மாதம்தான். "நிலைமை சீரானதும் திரும்பக் கூப்பிடுவோம்" என்ற வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பவர்களின் ஆறு மாதம் சத்தமில்லாமல் கழிந்துவிடும். தொழில் திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்டியில், கிருள வீதியிலுள்ள மெஹெவர பியச கட்டடத்தில் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அரசியலமைப்பு தரும் உரிமை அது. விசாரணை சிங்களத்தில் நடந்தால், புரிந்ததுபோலத் தலையாட்டாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அரைகுறையாக விளங்கிய ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்திடுவது, அந்த அறையில் கையெழுத்திட்டதைப் போன்றதுதான். நியாய சபை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடக்கூடியவை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும், வழக்குக்குப் போகக்கூடியவர் என்று நிறுவனம் நம்பும் ஒருவரிடம் பேசும் தொனி வேறாகத்தான் இருக்கும்.

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு, தொடர்ச்சியான பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாட்களுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு இல்லை. பதினைந்து பேருக்குக் குறைந்த நிறுவனத்திலிருப்பவருக்கும் இல்லை. குறித்த கால ஒப்பந்தம் காலாவதியாகும்போது அது தன்னாலேயே முடிந்துவிடும் என்பது நிறுவனத்தின் வாதமாக இருக்கும். திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தமாக இருந்தால் அந்த வாதத்தை எதிர்க்க இடமிருக்கிறது, அதற்கு ஒரு சட்டத்தரணியின் ஆலோசனை வேண்டும். ஆளணி வழங்கும் முகவர் நிறுவனம் ஊடாக ஒரு வங்கியிலோ தொலைத்தொடர்பு நிறுவனத்திலோ வேலை செய்பவர், சட்டப்படி தன் தொழில்வழங்குநர் யார் என்பதை, சேமலாப நிதிக் கூற்றில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்தே தெரிந்துகொள்ளவேண்டும். வெள்ளவத்தையிலுள்ள வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தக்காரராக வேலை செய்து டொலரில் சம்பளம் பெறுபவருக்கு இவற்றில் எதுவுமே இல்லை. அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு சேமிப்புத்தான். அதனால் அவருடைய சேமிப்பு மற்றவர்களுடையதைவிட இரட்டிப்பாக இருக்கவேண்டும்.

காசு

தனியார் துறையில் வேலையிழந்தவருக்கு மாதாமாதம் கொடுப்பனவு வழங்கும் பொதுத் திட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை. சேமலாப நிதி கைகொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை போனதற்காக அதை எடுக்க முடியாது: ஆண்களுக்கு 55 வயதும் பெண்களுக்கு 50 வயதும் ஆகவேண்டும், நிரந்தரமாக வெளிநாடு செல்லல், நிரந்தர அங்கவீனம், பெண்களாயின் திருமணம் போன்ற சில காரணங்கள் மட்டுமே விதிவிலக்கு. பத்து ஆண்டு அங்கத்துவமும் குறைந்தது மூன்று இலட்சம் ரூபா மீதியும் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை பெறலாம். ஊழியர் நம்பிக்கை நிதியை வயது பாராமல் வேலையிலிருந்து விலகியதும் கோரலாம். ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவைதான். முன்னைய வேலையை விட்டபோது அவசரமில்லாமல் எடுத்துச் செலவழித்தவர்கள், உண்மையான அவசரம் வரும்போது கதவு மூடியிருப்பதைக் காண்பார்கள். பணிக்கொடை, வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தரப்படவேண்டும். நாலு ஆண்டும் பத்து மாதமும் ஆன ஒருவர், கோபத்தில் விலகுவதற்கு முன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

ஆகவே கைக்காசு வேண்டும். ஆறு மாதச் செலவு என்று பொதுவாகச் சொல்வார்கள். கொழும்பில் வாடகைக்கு இருந்துகொண்டு ஊரிலுள்ள பெற்றோருக்கும் அனுப்புகிறவர், ஊருக்கு அனுப்பும் தொகையையும் செலவுக்குள் சேர்த்துத்தான் அந்த ஆறு மாதத்தைக் கணக்கிடவேண்டும். வீட்டாரிடம் வேலை போனதை மறைத்து, கடன் அட்டையில் பணம் எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் பலர். மானம் விலையுயர்ந்த பொருள், அதற்கு வட்டி வேறு கட்டவேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வங்கிக் கடனோ லீசிங்கோ இருந்தால், ஒரு தவணையும் தவறுவதற்கு முன் கிளை முகாமையாளரிடம் போய்ப் பேசுங்கள். தவறிய தவணை கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறிவிடும்; அதன் பின் புதிய ஏற்பாடு கேட்பவருக்கும் முன்னரே கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. இரண்டாவது வாகனமோ தேவைக்கு மீறிய வாகனமோ லீசிங்கில் இருந்தால், பறிமுதல் செய்ய வருவதற்கு முன் நீங்களே விற்று முடித்துவிடுவது இலாபம். அலுவலகச் சீட்டில் இருப்பவர்கள், நிலைமை தளம்பும்போது முதலில் எடுக்காமல் பின்னுக்கு எடுப்பதைத் தெரிவு செய்யலாம். எடுத்துவிட்டால் வேலை போனாலும் கட்டவேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆனால் சீட்டுப் பிடிப்பவரும் அதே அலுவலகத்தில்தான் வேலை செய்கிறார் என்பதையும், அவருடைய பெயரும் அதே பட்டியலில் இருக்கக்கூடும் என்பதையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். நகையை அடகு வைப்பதானால், எத்தனை மாதத்தில் மீட்பது என்ற திட்டத்தோடு வையுங்கள். திட்டமில்லையென்றால், வட்டி கட்டிக்கட்டி இழப்பதைவிடச் செட்டியார் தெருவில் விற்றுவிடுவது குறைந்த நட்டம்.

அலுவலகத்து மருத்துவக் காப்புறுதி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். கண்ணாடி, பல் வைத்தியம், தள்ளிப்போட்ட பரிசோதனைகள் எல்லாவற்றையும் அதற்குள் செய்து, பற்றுச்சீட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு உழைப்பது

நம்பிக்கை உடைந்த பிறகும் வேலையில் நீடிக்கவேண்டிய நிலைதான் பெரும்பாலானோருக்கு. கசப்பில் வேலையைக் கெடுப்பது உங்கள் பெயரைக் கெடுக்கும். கொழும்பின் அலுவலக உலகம் சிறியது, ஒரு நிறுவனத்தின் முகாமையாளர் அடுத்த நிறுவனத்தின் முகாமையாளரோடு றோயல் கல்லூரியிலோ இந்துக் கல்லூரியிலோ படித்தவராக இருப்பார். ஒப்பந்தத்தில் உள்ள வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் மாலை நேரங்களையும் வார இறுதிகளையும் திரும்பப் பெற்று, உங்களோடு கூடவே வரக்கூடியவற்றில் போடுங்கள்: ஒரு தொழில்முறைப் பரீட்சை, இன்னொரு மொழி, நிறுவனத்துக்கு வெளியே உள்ள தொழில்சார் அறிமுகங்கள். இந்த நிறுவனத்துக்குள் மட்டும் பெறுமதியுள்ள அறிவு, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பணிப்பாளருக்கு என்ன பிடிக்கும் என்பது போன்றவை, அந்த வாசலோடு காலாவதியாகிவிடும்.

சம்பளக் குறைப்புக்கு இணங்கும்படி எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் வரும்போது, பதிலளிக்காமல் இருப்பது சம்மதமாகக் காட்டப்படலாம். 2020இல் கொவிட் முடக்கத்தின்போது தொழில் அமைச்சும் தொழில்வழங்குநர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, வேலை கொடுக்க முடியாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது அதிகமோ அதைக் கொடுப்பதென்று உடன்பட்டார்கள். அந்த ஏற்பாடு அந்தக் காலத்துக்குரியது. அதைச் சாட்டாக வைத்து இன்றைக்குச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. இணங்குவதாக இருந்தால், எத்தனை மாதத்துக்கு, எந்தத் திகதியில் பழைய சம்பளம் மீளும் என்பதை எழுதிக் கேளுங்கள்.

அடுத்த வேலை

அவசரத்தில் தேடுபவரைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள், மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, அரசாங்கம் தலையிட்டு மீட்கவேண்டி வந்தது. வெளிநாட்டு வேலை என்று எவர் சொன்னாலும், முகவரின் உரிமம் செல்லுபடியானதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரித்த பிறகே கடவுச்சீட்டைக் கொடுங்கள்.

உள்ளூரில் புதிய நியமனக் கடிதம் கிடைத்தால், மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இலட்சத்தில் அடிப்படைச் சம்பளம் அறுபதாயிரமும் மிகுதி பலவிதக் கொடுப்பனவுகளுமாக இருந்தால், பணிக்கொடையும் சேமலாப நிதியும் அந்த அறுபதாயிரத்தின் மேல்தான் கணக்கிடப்படும் என்று நிறுவனம் சொல்லப்போகிறது. பேரம் பேசுவதற்கு வலு இருப்பது கையொப்பமிடுவதற்கு முந்திய அந்தச் சில நாட்களில் மட்டும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்க முடியாவிட்டாலும், அதே தொகைக்குள் அடிப்படையைக் கூட்டும்படி கேளுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அதை நீடிக்கும் அதிகாரம் யாருக்கு, முடிந்ததும் நிரந்தரமாக்கல் கடிதம் தருவார்களா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டுவையுங்கள்.